மழையில் ட்ரியர்: கேம்பர் வண்டிப் பயணம் (வாசகர் கேள்வி பதில்)

ஜெர்மனியில் கேம்பர் வண்டி (படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி) எடுத்துச் சுற்றுவது பற்றி வந்த கடிதங்களில் பலவும் மழையைக் கண்டு தயங்குகின்றன. மோசல் ஆற்றங்கரையிலுள்ள பழைய ரோமானிய நகரமான ட்ரியருக்குக் கிளம்பும் ஒரு தம்பதியின் கேள்வியில் தொடங்கி, அதை ஒட்டிய மற்றக் கேள்விகளுக்கும் இங்கே பதில் தருகிறோம்.

நானும் மனைவியும் அக்டோபர் கடைசி வாரம் ஃப்ராங்க்ஃபர்ட்டில் கேம்பர் வாடகைக்கு எடுத்து, ட்ரியரில் மூன்று நாள் தங்கப் போகிறோம். நாள் முழுக்க மழை பெய்தாலும் தாங்குகிற மாதிரி, இரண்டு பேருக்கு எந்த வண்டி எடுக்கலாம்?
(கோவை வாசகர்)

6 மீட்டர் நீளப் பெட்டி வேன் நகரத்தில் ஓட்டச் சுலபம். ஆனால் அதன் பக்கவாட்டுச் சறுக்குக் கதவு ஒன்றரை ஆள் அகலம். திறக்கும்போதெல்லாம் சாரல் நேரே படுக்கை வரை வரும். மழைக்காலத்துக்கு 7 மீட்டர் அளவில் குறுகிய கதவு, நிரந்தரப் படுக்கை, தனிக் குளியலறை உள்ள வண்டியையே சொல்வோம். படுக்கையை மடக்கித்தான் மேசை போட வேண்டும் என்றால், மழை நாளில் ஒருவர் தூங்க, மற்றவர் உட்கார இடமிருக்காது.

வண்டியை வாடகைக்கு விடுபவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: ஹீட்டரின் காற்றுக் குழாய் குளியலறைக்குள் வருகிறதா? நனைந்த ஜாக்கெட்டும் ஷூவும் காய்வது அங்கேதான். குழாய் இல்லாத குளியலறையில் மாட்டிய துணி இரண்டு நாளில் நாறத் தொடங்கும்.

வண்டியைப் பெற்றுக்கொள்ளும்போது சுவர்களையும் சோதியுங்கள். படுக்கைக்கு மேலுள்ள அலமாரி மூலை, கூரை ஜன்னலின் சட்டம், ஜன்னல்களின் கீழ் விளிம்பு ஆகிய இடங்களில் கட்டைவிரலால் அழுத்துங்கள். நல்ல சுவர் விறைப்பாக இருக்கும். ஊறிய பிஸ்கட் மாதிரி உள்ளே அமுங்கினால் பின்னாலுள்ள மரச்சட்டம் ஓதம் ஏறிக் கெட்டுவிட்டது என்று பொருள். அலமாரியைத் திறந்து மூக்கை உள்ளே விட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒழுக்கை வாடை சொல்லிவிடும். சந்தேகம் வந்தால் படம் எடுத்து ஒப்படைப்புத் தாளில் எழுதச் சொல்லுங்கள்.

எடையையும் மறக்க வேண்டாம். இந்த வண்டிகள் பெரும்பாலும் 3,500 கிலோ வரம்புக்குள் பதிவானவை. 100 லிட்டர் குடிநீர்த் தொட்டியை நிரப்பினால் அதுவே 100 கிலோ. வழிக்கு 20 லிட்டர் போதும். மீதியை ட்ரியரில் நிரப்பிக்கொள்ளலாம். வண்டியின் உயரத்தை ஒரு அட்டையில் பெரிதாக எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். தாழ்வான பாலத்தில் கூரை இடித்தால், பல ஒப்பந்தங்களில் காப்பீடு கைகொடுக்காது.

நாங்கள் இருவரும் ஜேர்மனிக்குள்ளேயே வார இறுதிகளில் சொந்த வாகனத்தில் போய் வருகிறோம். மழை நாட்களில் விடிய எழும்பினால் கண்ணாடியெல்லாம் வியர்த்து ஓடுகிறது. மெத்தையின் அடியும் ஈரம். கூரை ஒழுகுகிறதோ?
(டோர்ட்முண்ட் வாசகி)

ஒழுக்கு ஓரிடத்தில் கறை போடும். எல்லாக் கண்ணாடியும் ஒரே சமயத்தில் வியர்த்தால் அது நீங்கள் இருவரும் உள்ளே உண்டாக்கிய ஈரம். தூங்கும் இரண்டு பேரின் மூச்சும் வியர்வையும் ஒரு இரவில் அரை லிட்டருக்கு மேல் தண்ணீரைக் காற்றில் கலக்கின்றன. சமையல் அதற்கு மேல். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி பிறக்கிறது. அடுப்புச் சுடரே தண்ணீர் விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சோற்றுக்குக் குக்கர் வைத்து மூன்று விசில் விட்டால் அந்த ஆவியும் அப்படியே குளிர்ந்த கண்ணாடியில் போய் உட்காரும்.

இங்கே பலரும் செய்யும் தவறு, வெளியே மழை பெய்கிறதே என்று எல்லாவற்றையும் இறுக மூடிவிடுவது. வெளிக்காற்று ஈரமானதுதான், ஆனால் குளிர்ந்த காற்றால் அதிக நீரைச் சுமக்க முடியாது. 8 டிகிரியில் மழைக்காற்று ஒரு கன மீட்டருக்கு அதிகபட்சம் 8 கிராம் சொச்சம் நீராவிதான் வைத்திருக்கும். அதே காற்றை உள்ளே 20 டிகிரிக்குச் சூடாக்கினால் அதனால் 17 கிராம் வரை தாங்க முடியும். அதாவது கொட்டும் மழையிலிருந்து எடுத்த காற்றே, சூடானதும் பாதி வறண்ட காற்றாகி, உங்கள் மெத்தை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு வெளியே போகும். உள்ளே விடுவதும், சூடாக்குவதும், வெளியே அனுப்புவதும் மூன்றும் சேர்ந்து நடக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் பயனில்லை.

ஆகவே இரவில் கூரை ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைத்து, ஹீட்டரை 15 அல்லது 16 டிகிரியில் ஓடவிடுங்கள். ஹீட்டர் எரிவாயுவில் ஓடினாலும் அதன் புகையும் நீராவியும் தனிக் குழாய் வழியே வெளியே போய்விடும்; ஈரம் கூட்டுவது திறந்த சுடருள்ள அடுப்புதான். காலையில் கதவையும் கூரை ஜன்னலையும் ஐந்து நிமிடம் அகலத் திறந்துவிடுங்கள். வீட்டில் ஜெர்மானியர் செய்யும் அதே ‘ஷ்டோஸ்லுஃப்டன்’தான், அதாவது சற்று நேரம் அகலத் திறந்து காற்றை மாற்றுவது. பிறகு மெத்தையைச் சுவர்ப்பக்கமாகத் தூக்கி நிறுத்தி, அடிப்பக்கத்தில் சூடான காற்றுப் படும்படி விடுங்கள். மெத்தைக்கும் பலகைக்கும் இடையே வலைப்பின்னல் விரிப்பு ஒன்று போட்டால் பூஞ்சணம் பிடிக்காது.

ஓட்டுநர் கண்ணாடிதான் அதிகம் வியர்க்கும், ஏனெனில் பக்க ஜன்னல்களைப் போல அது இரட்டை அடுக்கு இல்லை. உட்பக்கம் வெள்ளித்தாள் பாய் மாட்டினால் கண்ணாடி இன்னும் குளிர்ந்து, பாய்க்குப் பின்னால் தண்ணீர் வழியும். வெளிப்பக்கம் போர்த்தும் உறையே நல்லது.

குக்கரைப் பற்றி: ஆவி பிடித்ததும் தீயைக் குறையுங்கள், விசில் விடவிடாதீர்கள், அடுப்புக்கு மேலுள்ள ஜன்னலைத் திறந்தே வைத்திருங்கள். தரையிலும் கூரையிலும் நிரந்தரமாகத் திறந்திருக்கும் காற்றுத் துளைகளைக் குளிருக்குப் பயந்து துணி வைத்து அடைக்கவே கூடாது. அடுப்பைப் பற்றவைத்து வண்டியைச் சூடாக்குவதும் கூடாது. கார்பன் மோனாக்ஸைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

எட்டு நாளைக்கு எத்தனை கிலோ எரிவாயு வேண்டும்?

அதிகம் புழங்கும் ஹீட்டர் 2 கிலோவாட் நிலையில் மணிக்கு சுமார் 160 கிராம் எரிக்கும். 11 கிலோ சிலிண்டர் ஒன்று இடைவிடாமல் ஓடினால் 68 மணி நேரம் வரும். அக்டோபர் மழையில் அது விட்டுவிட்டுத்தான் ஓடும் என்பதால் ஐந்தாறு நாளைக்குத் தாக்குப்பிடிக்கலாம். ஆகவே எட்டு நாளைக்கு இரண்டு சிலிண்டர் வேண்டும். இரண்டும் நிறைந்திருக்கிறதா என்று தூக்கிப் பார்த்து வாங்குங்கள். புரொப்பேனாகவே கேளுங்கள்: பியூட்டேன் சுழிய டிகிரியை நெருங்கும்போது ஆவியாக மறுக்கும், புரொப்பேன் மைனஸ் 42 வரை பிரச்சினை செய்யாது.

இன்னொன்று. ஹீட்டரை அணைத்துவிட்டு நகரம் சுற்றப் போய், குளிர் 3 டிகிரிக்கு இறங்கினால், கொதிகலன் உறைந்து வெடிக்காமலிருக்க ஒரு வால்வு தானே திறந்து வெந்நீரையெல்லாம் கீழே கொட்டிவிடும். பழுது என்று நினைத்து அதை அடைக்கப் போராட வேண்டாம். அந்த இடம் சுமார் 7 டிகிரிக்கு மேல் சூடாகும்வரை அது மூடாது.

ஈரப் புல்தரையில் வண்டி சிக்கிக்கொண்டால் எப்படி எடுப்பது?
(பாரிஸ் வாசகர்)

சிக்காமல் நிறுத்துவதே வழி. இந்த வண்டிகளில் பெரும்பாலானவை முன்சக்கர இழுவை. ஆனால் படுக்கை, சாமான் அறை என எடையெல்லாம் பின்னால். முன்சக்கரம் மேலோட்டமாகத்தான் தரையைப் பிடிக்கிறது. ஆகவே முன்சக்கரம் தார் அல்லது ஜல்லிப் பாதையில் இருக்கும்படி, பின்பக்கத்தைப் புல்லுக்குள் விட்டு, முகம் வெளிவாசலைப் பார்க்க நிறுத்துங்கள்.

சிக்கிவிட்டால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதீர்கள். ஒருமுறை சுழன்ற சக்கரம் புல்லை உரித்து, அடியிலுள்ள களிமண்ணை மெழுகிவிடும். சக்கர வழுக்கலைத் தடுக்கும் பொத்தானைத் தற்காலிகமாக அணைத்து, இரண்டாவது கியரில், எஞ்சினை மெதுவாக ஓடவிட்டுக் கிளட்சை விடுங்கள். முன்சக்கரங்களுக்கு முன்னால் கரடான பாய் போடுங்கள். கால்மிதி ரப்பர் பாயைத் தலைகீழாகப் போட்டாலும் ஆகும். அப்போது சக்கரத்துக்கு நேர் பின்னால் யாரும் நிற்கக் கூடாது, பாய் பிய்த்துக்கொண்டு பறக்கும். அதற்கும் அசையவில்லையா, கருவிப் பையிலுள்ள இழுவைக் கொக்கியை முன்பம்பரில் திருகி மாட்டி, டிராக்டர் வைத்திருப்பவரைக் கேளுங்கள். மோசல் பள்ளத்தாக்கில் திராட்சை விவசாயிகள் நிறைய.

மழையில் ஓட்டுவதற்குத் தனி விதி உண்டா?

பகலிலும் மழை பார்வையை மறைத்தால் முகப்பு விளக்கு கட்டாயம். வேகப் பலகையின் கீழே ‘பை நெஸ்ஸெ’ என்று எழுதியிருந்தால், சாலை நனைந்திருக்கும்போது அந்த வேகமே வரம்பு. மழையால் 50 மீட்டருக்கு அப்பால் தெரியவில்லை என்றால் 50 கி.மீ. வேகத்துக்கு மேல் போகக் கூடாது. ஆனால் பின்பக்கச் சிவப்பு மூடுபனி விளக்கை மழைக்குப் போடாதீர்கள், அது மூடுபனிக்கு மட்டும்தான்.

ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து ட்ரியருக்கு பி50 சாலை வழியாகப் போனால், 2019-இல் திறந்த ஹோக்மோசல் பாலத்தைக் கடப்பீர்கள். நீளம் 1.7 கி.மீ., பள்ளத்தாக்கிலிருந்து சுமார் 160 மீட்டர் உயரம். காற்றோடு மழை அடிக்கும் நாளில் முன்கூட்டியே 80-க்குக் குறைத்து, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடியுங்கள். லாரியைத் தாண்டும்போது முதலில் அதன் பக்கம் இழுக்கும், தாண்டியதும் காற்று ஒரே அடியாகத் தள்ளும். அவசரமில்லையென்றால் லாரியின் பின்னாலேயே போய்விடுங்கள்.

மின் இணைப்பு எடுத்தும் கெட்டில் போட்டால் மின்சாரம் போய்விடுகிறது. ஏன்?

வண்டிகள் தங்கும் ‘ஸ்டெல்பிளாட்ஸ்’ இடங்களில் பிளக் 16 ஆம்பியருக்கானது. ஆனால் உள்ளே உருகி (ஃப்யூஸ்) 6 ஆம்பியராகவும் இருக்கலாம். 6 ஆம்பியர் என்றால் 230 வோல்ட்டில் 1,380 வாட். வீட்டுக் கெட்டில் 2,000 வாட் இழுக்கும். 1,000 வாட் சின்னக் கெட்டில் வாங்குங்கள். 2.5 சதுர மி.மீ. தடிமனுள்ள கேபிளைச் சுருளிலிருந்து முழுவதும் பிரித்துப் போடுங்கள், சுருண்ட கேபிள் சூடேறும். பிளக் இணைப்புகள் தேங்கிய நீரில் கிடக்கக் கூடாது. சூரியத் தகட்டை மழையில் நம்ப வேண்டாம்.

வெளிக்கூரைத் துணியை மழையில் விரிக்கலாமா? கழிவறைக் கேசட்டை (கழற்றி எடுக்கும் கழிவுத் தொட்டியை) எங்கே கொட்டுவது?

ஸ்டெல்பிளாட்ஸில் விரிக்க அனுமதி உண்டா என்று பலகையைப் பாருங்கள்; பல இடங்களில் இல்லை. விரித்தால் துணியைத் தாங்கும் கால்களில் ஒன்றை நன்றாகத் தாழ்த்தி நீரை வழிய விடுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு செ.மீ. நீர் தேங்கினால் 10 கிலோ; கம்பி வளைந்துவிடும். ஈரமாகச் சுருட்ட நேர்ந்தால் இரண்டு மூன்று நாளுக்குள் விரித்துக் காயவைக்க வேண்டும்.

கேசட்டை அதற்கென்றுள்ள கொட்டுமிடத்தில் மட்டும் கொட்டுங்கள். பாத்திரம் கழுவிய நீரையும் சாலையோர மழைநீர் வடிகாலில் விடாதீர்கள். பல இடங்களில் அந்த வடிகால் நேரே ஆற்றுக்குப் போகிறது. இதைத் தயவுசெய்து விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒருவர் செய்யும் தவறால் ஊர் எல்லா வண்டிகளுக்கும் கதவை மூடிவிடும்.

மழையில் ட்ரியரில் என்ன பார்ப்பது?
(அதே கோவை வாசகர்)

கேம்பர் வண்டிகள் தங்குமிடம் மோசலின் இடது கரையில், மெஸ்ஸேபார்க் பக்கம் இருக்கிறது. குடை வேண்டாம், ஆற்றங்கரைக் காற்று அதைத் திருப்பிவிடும். மழைக்கோட்டும் வழுக்காத ஷூவும் போதும். கரையோரம் நடந்து ரோமர் பாலத்தைக் கடந்தால் நகரம். பாலத்தின் தூண்கள் கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. எதிரே போகிற தெருவிலேயே, புரூக்கன்ஸ்ட்ராஸ 10-ஆம் எண்ணில், 1818 மே 5 அன்று கார்ல் மார்க்ஸ் பிறந்த வீடு.

கொட்டும் மழைக்கு முதல் அடைக்கலம் கான்ஸ்டன்டைன் பசிலிக்கா, ரோமானியப் பேரரசரின் அரியணைக் கூடம். 67 மீட்டர் நீளம், 33 மீட்டர் உயரம், நடுவே ஒரு தூண்கூட இல்லை. 4-ஆம் நூற்றாண்டில் இதன் தரைக்கடியிலும் சுவருக்குள்ளும் சூடான காற்றை ஓடவிட்டுத்தான் இந்தப் பெருங்கூடத்தை வெதுவெதுப்பாக வைத்தார்கள். அங்கிருந்து அரண்மனைத் தோட்டம் வழியே நடந்தால் மாநில அருங்காட்சியகம். 1993-இல் நகரத்தில் தோண்டும்போது கிடைத்த 2,500-க்கும் மேற்பட்ட ரோமானியப் பொற்காசுகள், மொத்தம் சுமார் 18.5 கிலோ, அங்கே இருக்கின்றன. திங்கட்கிழமை விடுமுறை, அதற்கேற்ப நாளை ஒதுக்குங்கள். பேராலயமும் அதன் பக்கத்திலுள்ள லீப்ஃப்ராவன் ஆலயமும் சேர்ந்து இன்னொரு மழை நேரத்துக்கு ஆகும்.

போர்ட்டா நிக்ராவை மட்டும் தூறலிலேயே பாருங்கள். கி.பி. 170 வாக்கில் எழுந்த இந்த நகரவாயிலின் மணற்கற்கள் நனைந்தால்தான் முழுக் கறுப்பாகும். பக்கத்தில் போய்க் கல் இடுக்குகளைக் கவனியுங்கள்: ஆங்காங்கே கையளவுக் குழிகள். கற்களைச் சாந்தில்லாமல் இரும்புக் கவ்விகளால் பிணைத்திருந்தார்கள்; இடைக்காலத்தில் இரும்புக்காக அவற்றைத் தோண்டி எடுத்த காயம்தான் அது. சிமியோன் என்ற துறவி உள்ளே அடைந்து வாழ்ந்ததாலும், பிறகு இது தேவாலயமானதாலும் மற்ற வாயில்களைப் போல இடிபடாமல் தப்பியது.

திரும்பும்போது ரோமர் பாலத்தில் ஒரு நிமிடம் நின்று ஆற்றைப் பாருங்கள். மோசல் சாதுவாகத் தெரியும். 1993 டிசம்பரில் ட்ரியர் நீர்மானியில் 11 மீட்டரைத் தாண்டி எழுந்த ஆறு இது. காலையில் பார்த்ததைவிட நீர் ஏறி, கலங்கி, கிளைகள் மிதந்து வந்தால், மாநில வெள்ள எச்சரிக்கைப் பக்கத்தில் ட்ரியர் மட்டத்தைப் பாருங்கள். ஏறுமுகம் என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல், அன்று மாலையே கேபிளைக் கழற்றி வண்டியை மேட்டுப் பகுதிக்கு நகர்த்திவிடுங்கள்.