லா பாஸை நடந்து பார்க்க ஆக்சிஜன் டப்பா எதற்கு?

கேள்வி: நானும் என் கல்லூரித் தோழனும் முதுகுப்பையுடன் தென் அமெரிக்கா போகிறோம். பெருவின் தலைநகர் லிமாவிலிருந்து விமானத்தில் பொலிவியாவின் லா பாஸ் நகருக்குப் போய், மூன்று நாட்கள் அங்கே நடந்தே சுற்றிப் பார்ப்பதாகத் திட்டம். "அந்த உயரத்தில் நடக்கவே முடியாது, தெருவும் பாதுகாப்பில்லை" என்கிறார் எங்கள் டிராவல் ஏஜெண்ட். கார், வழிகாட்டி, ஆக்சிஜன் டப்பா எல்லாம் அடங்கிய பேக்கேஜ் ஒன்றை வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். உங்கள் ஏஜெண்ட் சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதியைக் காட்டித்தான் மீதியை விற்கிறார்.

உண்மையான பாதி உயரம். லா பாஸின் மையப்பகுதி கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,640 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நீங்கள் இறங்கும் விமான நிலையம் அதற்கும் மேலே, பக்கத்து நகரான எல் ஆல்டோவில், 4,060 மீட்டர். நம் தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். லிமாவோ கடற்கரை நகரம். காலையில் கடலோரத்தில் காபி குடித்துவிட்டு மதியம் நான்காயிரம் மீட்டரில் இறங்கினால் உடம்பு முரண்டு பிடிக்கத்தான் செய்யும். ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் முதல் இரண்டு நாட்களில் வருபவை. உடற்பயிற்சி செய்கிறவன், மாரத்தான் ஓடுகிறவன் என்பதெல்லாம் இதில் செல்லாது. திடகாத்திரமானவர்கள்தான் முதல் நாளே வேகமாக ஏறிப் படுத்துக்கொள்கிறார்கள்.

இதற்கு மருந்து காரும் அல்ல, டப்பாவும் அல்ல. முதல் நாள் சும்மா இருப்பதுதான். அந்தக் கையடக்க டப்பா சில நிமிடங்களுக்குத்தான் வரும். தலைவலி ஒரு பொழுது அடங்கியதுபோல் இருக்கும், டப்பா தீர்ந்ததும் திரும்பி வரும். உங்கள் ஊரிலேயே மருத்துவரைப் பார்த்து, உயரத்தால் வரும் தொல்லைகளைத் தடுக்கும் அசிடசோலமைடு மாத்திரை உங்களுக்கு ஆகுமா என்று கேளுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர் அதை மறக்காமல் அவரிடம் சொல்ல வேண்டும். வழக்கமாக உயரத்துக்குப் போவதற்கு முந்தைய நாளே தொடங்கும் மாத்திரை இது. விரல் நுனி குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், பயப்பட வேண்டாம். கோகா இலைத் தேநீரை விடுதியில் கொடுப்பார்கள், குடியுங்கள், இதமாக இருக்கும். அதையே சிகிச்சையாக நம்பாதீர்கள். அந்த இலையை நினைவுப் பொருளாகப் பையில் போட்டுக்கொண்டு திரும்பவும் வேண்டாம். பொலிவியாவுக்கு வெளியே பல நாடுகளில் அது போதைப்பொருள் வழக்கு.

ஒரே ஒரு சோதனையை இருவரும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். தோழன் குழறிப் பேசினாலோ தள்ளாடினாலோ, ஒரு காலின் குதி மறுகாலின் விரலைத் தொடும்படி நேர்கோட்டில் பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால், அல்லது உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், அது சாதாரணத் தலைவலி அல்ல. "காலையில் பார்க்கலாம்" என்று படுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

முதல் நாள் சும்மா இருக்க வேண்டும் என்பதில் ஒரு விதிவிலக்கு உண்டு. விதிவிலக்கு இல்லாதவர்கள்கூட அதைத் தமக்குப் பொருத்திக்கொள்வதால் விரிவாகவே சொல்கிறேன். கூஸ்கோ, பூனோ, டிட்டிகாகா ஏரி என்று பெருவின் மலைப்பகுதி வழியாகப் பஸ்ஸில் பல நாள் தங்கித் தங்கி வந்தவருக்கு லா பாஸ் பெரிய அதிர்ச்சி தராது. ஏரியே 3,800 மீட்டரில் இருக்கிறது. அவர் வந்த அன்றே நடக்கலாம். ஆனால் கூஸ்கோவில் ஒரே இரவு தங்கியவர் இந்தக் கணக்கில் வர மாட்டார். கூஸ்கோவில் ஒரு வாரம் இருந்து, லிமாவுக்கு இறங்கி, அங்கே ஒன்றிரண்டு வாரம் கடற்காற்று வாங்கிவிட்டு ஏறியவரும் வர மாட்டார், பழகிய உடம்பு பழக்கத்தை மறந்திருக்கும். லா பாஸிலிருந்து அமேசான் காட்டுக்கு இறங்கிப் பல நாள் இருந்துவிட்டுத் திரும்புகிறவரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். போன வருடம் இமயமலையில் நடந்தேன் என்பவருக்கு இது பொருந்தவே பொருந்தாது. நீங்கள் லிமாவிலிருந்து பறக்கிறீர்கள். விதிவிலக்கு உங்களுக்கு இல்லை.

இனி நடை. நகரம் ஒரு புனல்போல அமைந்திருக்கிறது. சோகேயாபு ஆறு வெட்டிய பள்ளத்தின் அடியில் பிரதான சாலை ஓடுகிறது. ஆற்றை மூடி அதன் மேல் போட்ட சாலைதான் அது, எல் பிராடோ என்பார்கள். இருபுறத்துத் தெருக்களும் அதை நோக்கியே சரிகின்றன. மையப்பகுதியில் வழி தவறினால் இறக்கத்தில் நடங்கள், பிராடோ வந்துவிடும். முதல் நாள் மாலை சான் பிரான்சிஸ்கோ தேவாலயச் சதுக்கத்திலிருந்து பிராடோ வழியாகக் கீழ்நோக்கி மட்டும் நடங்கள். திரும்பும்போது ஏறி நடக்காமல் பஸ்ஸிலோ கேபிள் காரிலோ வாருங்கள்.

இரண்டாம் நாள் சகர்னாகா தெருவில் ஏறலாம். கல் பாவிய செங்குத்துத் தெரு, கற்கள் தேய்ந்து வழவழப்பாக இருக்கும், மழை பெய்தால் வழுக்கும். வட்டத் தொப்பி வைத்து, வண்ணத் துணியில் மூட்டை கட்டி முதுகில் சுமந்த அறுபது வயது அம்மாள் உங்களைத் தாண்டிப் போவார். வெட்கப்படாமல் அவர் பாதி வேகத்தில் போங்கள். மேலே லினாரெஸ் தெருவில் மந்திரச் சந்தை. காய்ந்த லாமாக் கருக்கள் கடை வாசலில் கொத்துக் கொத்தாகத் தொங்கும். புது வீட்டு அஸ்திவாரத்தில் பூமித்தாய்க்குப் படையலாகப் புதைப்பதற்கு வாங்குகிறார்கள். கேட்காமல் படம் எடுத்தால் திட்டு விழும். பிராடோவின் எதிர்ப்பக்கம் ஏறினால் முரிய்யோ சதுக்கம். பழைய நாடாளுமன்றக் கட்டடத்தின் கடிகாரம் வழக்கத்துக்கு எதிராக இடப்புறமாகச் சுற்றும்படி 2014-இல் மாற்றப்பட்டது. அதிபர் வியாரோயலை 1946-இல் கூட்டம் கொன்று விளக்குக் கம்பத்தில் தொங்கவிட்டதும் இதே சதுக்கத்தில்தான். அங்கிருந்து, காலனிய காலத்து வீடுகள் நிற்கும் ஹயேன் தெருவும் நடக்கும் தொலைவு.

காலையில் சால்டேன்யா என்ற, இறைச்சி அடைத்துச் சுட்ட பலகாரத்தைச் சாப்பிடுங்கள், மதியத்துக்குள் தீர்ந்துவிடும். உள்ளே குழம்பு நிற்கும். மூலையில் சிறிதாகக் கடித்து, சாற்றை உறிஞ்சிவிட்டு மீதியைத் தின்ன வேண்டும். இல்லாவிட்டால் அத்தனையும் சட்டைக் கையில்.

நகரை மேலிருந்து பார்க்க கார் தேவையில்லை. 2014-இல் தொடங்கிய கேபிள் கார் சேவை இப்போது பத்துத் தடங்களில் ஓடுகிறது. ஒரு தடத்துக்குச் சில பொலிவியானோதான் கட்டணம். பேக்கேஜில் "பனோரமா டூர்" என்று பெரிய தொகை போட்டிருந்தால் பெரும்பாலும் இந்தப் பெட்டியில்தான் ஏற்றி இறக்குவார்கள். சிவப்புத் தடத்தில் எல் ஆல்டோ போகலாம். வியாழன், ஞாயிறு கூடும் மாபெரும் சந்தை அங்கேதான். அங்கே கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள்.

அடுத்து, ஏஜெண்ட் கிளப்பிய தெருப் பயம். லா பாஸில் பகலில் நடப்பவரை விட, நடையை நிறுத்தி வாகனத்தில் ஏறுபவருக்கே ஆபத்து அதிகம். பழைய தந்திரம் ஒன்று, இன்னும் ஆள் சிக்குகிறார்கள். முதுகுப்பையுடன் ஒருவர் வந்து, தானும் வெளிநாட்டுப் பயணி என்று பேச்சுக் கொடுப்பார். ஐந்து நிமிடத்தில் சாதாரண உடையில் ஒருவர் வந்து அட்டை ஒன்றை மின்னலாகக் காட்டி, "போலீஸ், போதைப்பொருள் சோதனை, பாஸ்போர்ட்" என்பார். உங்கள் புது நண்பர் மறுபேச்சின்றித் தன் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டுவார். அவர் நீட்டுகிறாரே என்று நீங்களும் நீட்டுவீர்கள். "நிலையத்துக்குப் போய்ச் சரிபார்க்க வேண்டும்" என்றதும், சொல்லிவைத்தாற்போல் ஒரு டாக்ஸி வந்து நிற்கும். நண்பர், போலீஸ், ஓட்டுநர் மூவரும் ஒரே கூட்டம். அதில் ஏறிவிட்டால் ஏ.டி.எம். அட்டையும் ரகசிய எண்ணும் போகும், சில வேளை அதற்கு மேலும் நடக்கும்.

ஏறாதீர்கள். பாஸ்போர்ட் நகலை மட்டும் காட்டுங்கள், அதையும் கையில் கொடுக்க வேண்டாம். "நிலையத்துக்கு நடந்தே வருகிறேன்" என்று உரக்கச் சொல்லிவிட்டு, அருகில் உள்ள கடைக்குள்ளோ விடுதிக்குள்ளோ நுழையுங்கள். சட்டையில் யாராவது எச்சிலோ சாஸோ தெளித்துத் துடைக்க வந்தாலும் இதேதான், நிற்காமல் நடங்கள். சிறை உள்ள சான் பெட்ரோ சதுக்கத்தில் "சிறைக்குள் சுற்றிக் காட்டுகிறேன்" என்று அழைப்பவரிடமும் நிற்க வேண்டாம். அந்தச் சுற்றுலா சட்டவிரோதம், உள்ளே போனபின் வெளியே வருவது அவர் கையில். இருட்டிய பிறகு மட்டும் நடக்காதீர்கள். விடுதியில் சொல்லித் தொலைபேசியில் அழைத்த ரேடியோ டாக்ஸியில் போங்கள்.

டாலர் மாற்ற, கிழியாத, மடிப்பில்லாத நோட்டுகளை எடுத்துப்போங்கள். அதிகாரபூர்வ விலை 2011 முதல் பல ஆண்டுகள் 6.96 பொலிவியானோவில் நின்றது. 2023-இல் டாலர் தட்டுப்பாடு வந்தபின் வெளி விலை அதைவிட வெகுவாக ஏறியது. போகும் வாரத்தில் நிலவரத்தை விடுதியில் கேளுங்கள். மாற்றுவதைக் கூரையுள்ள கடையில் மாற்றுங்கள், நடைபாதையில் நின்று எண்ண வேண்டாம்.

நீங்கள் கேட்காதது ஒன்று, ஏஜெண்டும் சொல்லியிருக்க மாட்டார். மஞ்சள் காய்ச்சல் ஊசி. 2,300 மீட்டருக்கு மேல் மட்டும் பயணம் செய்பவருக்கு இந்த ஊசி தேவையில்லை என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. லா பாஸின் குளிரில் அந்தக் கொசு பிழைக்காது. ஆனால் நம் நாட்டு விதிக்கு நகரமும் தெரியாது, உயரமும் தெரியாது, கொசுவும் தெரியாது. பாஸ்போர்ட்டில் பொலிவியா முத்திரை இருக்கிறதா என்பது மட்டுமே கேள்வி. அந்த நாட்டை விட்டுக் கிளம்பிய ஆறு நாட்களுக்குள் சான்றிதழ் இல்லாமல் இந்தியாவில் இறங்கினால், ஆறு நாள் வரை தனிமைப்படுத்த அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. பெருவும் இதே பட்டியலில்தான். குழப்பமான இந்த விதியை வைத்தே, "ஊசி வேண்டாம், சான்றிதழ் மட்டும் வாங்கித் தருகிறேன்" என்று தரகர்கள் பிழைக்கிறார்கள். அந்தப் போலித் தாள் பிடிபட்டால் விமான நிலையத்தில் நிற்கப்போவது நீங்கள், தரகர் அல்ல.

சென்னையில் கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையம் அங்கீகாரம் பெற்ற மையம். நாளும் நேரமும் விசாரித்து, பாஸ்போர்ட்டுடன் நேரில் போங்கள். ஊசி போட்ட பத்து நாளுக்குப் பிறகே சான்றிதழ் செல்லும். அதன் பின் ஆயுள் முழுதும் செல்லும், 2016 முதல் அதுதான் விதி. ஆகவே விமான டிக்கெட்டுக்கு முன்பே இந்த ஊசிக்கு நாள் குறியுங்கள்.