கையசைவை வெட்டலாமா?

கேள்வி: பழைய பிரெஞ்சு நாவல்களின் தமிழாக்கங்களைத் தொடர்ந்து படித்துவருகிறேன். ‘கையைப் பற்றினான்’, ‘கையை விடுவித்துக்கொண்டாள்’ என்று பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. பழைய நாடகம் பார்ப்பதுபோல் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர்கள் இவற்றைச் சுருக்கினால் என்ன? நான் எழுதும் கதைகளில் இவற்றை அறவே தவிர்த்துவிடுகிறேன். சரிதானே?
– வாசகர் ஒருவர், தஞ்சாவூர்

பதில்: சுருக்கக் கூடாது, ஒரு வரியைக்கூட. அலங்காரம் என்று நினைத்து நீங்கள் தாண்டிப்போகும் வரிகளில்தான் அந்த நாவல்களின் கதை நடக்கிறது.

ஸ்டெந்தாலின் ‘சிவப்பும் கறுப்பும்’ (1830) நாவலில் முதல் பாகத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தை மறுபடி எடுத்துப் படியுங்கள். ஜூலியன் சொரேல் மர அறுவை ஆலைக்காரரின் மகன். மேயர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வந்தவன். முந்தின நாள் மாலை, பேச்சு வேகத்தில் அவன் கை வீசியபோது, நாற்காலியின் முதுகில் சாய்ந்திருந்த மேயரின் மனைவி மதாம் தெ ரெனாலின் கையில் தற்செயலாகப் பட்டுவிடுகிறது. அவள் சட்டென்று இழுத்துக்கொள்கிறாள். நடந்தது அவ்வளவுதான். ஆனால் தான் தொட்டால் அந்தக் கை இனி விலகக் கூடாது, அதைச் சாதிப்பது தன் கடமை என்று அவன் முடிவு கட்டிவிடுகிறான். மறுநாள் இரவு, லிண்டன் மரத்தடி, நல்ல இருட்டு. பக்கத்தில் அவளுடைய உறவுக்காரத் தோழி உட்கார்ந்திருக்கிறாள். பத்து மணி அடிக்கும்போது பிடிக்காவிட்டால் அறைக்குப் போய்ச் சுட்டுக்கொண்டு செத்துவிடுவது என்று தனக்குத் தானே கெடு வைத்துக்கொள்கிறான்.

மணி பத்து அடிக்கிறது. கையை நீட்டிப் பிடிக்கிறான். அவள் இழுத்துக்கொள்கிறாள். மறுபடி பிடிக்கிறான். பனிக்கட்டிபோல் சில்லிட்டிருக்கிறது அந்தக் கை. கடைசியாக ஒருமுறை விடுவிக்கப் பார்க்கிறாள். பிறகு அது அவன் கையிலேயே இருந்துவிடுகிறது. அவன் மனம் மகிழ்ச்சியால் நிரம்புகிறது. காதலால் வந்த மகிழ்ச்சி அல்ல, ஒரு கொடிய வதை முடிந்ததே என்ற மகிழ்ச்சி என்று ஸ்டெந்தால் வெளிப்படையாகவே சொல்கிறார். கை காட்டுவது ஒன்று, உள்ளே இருப்பது இன்னொன்று. இரண்டையும் அறிந்தவர் வாசகர் மட்டுமே, அவளுக்குத் தெரியாது. அவள் பக்கத்துச் செய்தி சற்றுப் பின்னால் வருகிறது. காற்றில் ஒரு பூச்சாடி சாய்கிறது. அதை நிமிர்த்தத் தோழிக்கு உதவ எழுந்தவள், திரும்பி வந்து உட்கார்ந்ததும், ஏற்கெனவே பேசிவைத்துக்கொண்டதுபோல் கையைக் கொடுக்கிறாள். எழுந்தபோது விட்டுப்போன கை அது. திரும்பத் தராமலே இருந்திருக்கலாம், யாரும் கேட்டிருக்க முடியாது. மணமான ஒருத்தியின் மனம் மாறியதற்கு இந்தப் பூச்சாடிதான் சாட்சி.

நான் பார்த்த சுருக்கப் பதிப்புகளில் பிழை நேர்வது இத்தகைய இடங்களில்தான். பிடித்தது, இழுத்தது, மறுபடி பிடித்தது என்ற மூன்று செயல்களையும் ‘அவள் தயங்கிப் பின் இசைந்தாள்’ என்று ஒன்றாக்கிவிடுவார்கள். கையின் குளிர்ச்சி போய்விடும். பூச்சாடி ‘தேவையில்லாத விவரம்’ ஆகிவிடும். மிஞ்சுவது ஓர் இளைஞன் ஒரு பெண்ணின் கையைப் பிடித்த செய்தி. அதைப் படித்தால் நாடகம்போலத்தான் இருக்கும்.

நாடகத்தனம் என்றீர்கள். ஃப்ளோபேர் உங்களுக்கு முன்பே அதைக் கண்டுகொண்டவர். ‘மதாம் பொவாரி’யில் (1857) விவசாயக் கண்காட்சி நடக்கும் நாள். ஊர் வைத்தியரின் மனைவி எம்மாவை நகரமன்ற மாடிக்கு அழைத்துப்போய், அவளை மயக்கப் பார்க்கும் பணக்காரன் ரொடோல்ஃப் காதல் வசனம் பேசுகிறான். பேசி முடித்து, மயக்கம் வந்தவன்போல் முகத்தைத் தடவிய கையை அப்படியே அவள் கைமேல் விழவிடுகிறான். வசனத்தோடு ஊமைக்கூத்தையும் சேர்த்துக்கொண்டான் என்று ஆசிரியரே எழுதுகிறார். அந்த நடிப்பு ரொடோல்ஃபின் குணம். நாவலின் குறையாக அதை எண்ண வேண்டாம். பின்னால் எம்மாவைக் கைவிட்டு எழுதும் கடிதத்தில், கண்ணீர்க் கறை இல்லையே என்று தம்ளர் தண்ணீரில் விரலை நனைத்து மேலிருந்து ஒரு சொட்டு விழவைக்கிறானே, அதுவும் இதே கைதான்.

எம்மாவின் கையில் நடிப்பு இல்லை. முதலில் இழுத்துக்கொள்கிறாள். அடுத்த முறை இழுக்கவில்லை. கீழே பரிசு அறிவிப்பு நடக்கிறது. ‘நூறு முறை போய்விட நினைத்தேன், உங்கள் பின்னாலேயே நின்றுவிட்டேன்’ என்று அவன் சொல்லி முடிக்க, ‘எரு!’ என்று மேடையிலிருந்து குரல் வருகிறது. அவன் பிடிக்குள் அவள் கை சூடாக நடுங்குகிறது. விரல்கள் அசைகின்றன. விடுவித்துக்கொள்ளவா, பதிலுக்கு அழுத்தவா என்று ஃப்ளோபேர் தீர்த்துச் சொல்வதில்லை. ரொடோல்ஃபோ தனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டு நன்றி சொல்லிவிடுகிறான்.

இருவர் விரல்களும் பின்னிக்கொண்ட அடுத்த வரியிலேயே வேறொரு பெயர் அழைக்கப்படுகிறது: கத்தரீன் லெரூ. ஒரே பண்ணையில் 54 ஆண்டு ஊழியம் செய்ததற்கு 25 பிராங்கு பெறுமான வெள்ளிப் பதக்கம். கிழவியின் கைகள் கணுக்கணுவாக முடிச்சேறியவை. களஞ்சியத் தூசியும், துணி வெளுக்கும் காரமும், கம்பளியின் பிசுக்கும் ஏறிக் காய்த்துப்போனதால், நல்ல தண்ணீரில் கழுவியும் அழுக்காகவே தெரிகின்றன. உழைத்து உழைத்து மூட வராமல் பாதி திறந்தே இருக்கின்றன. அவள் என்ன உணர்கிறாள் என்று சொல்ல வேண்டிய தேவையே அங்கே இல்லை. மாடியில் கோத்திருக்கும் கைகளைப் பற்றியும் இந்தக் கைகளே தீர்ப்புச் சொல்லிவிடுகின்றன. உலக நாவலில் கைகளைப் பற்றி இதைவிடச் சிறந்த பத்தியை நான் படித்ததில்லை.

பால்சாக்கையும் பாருங்கள். ‘யூஜெனி க்ராந்தே’யில் (1833) சாகக் கிடக்கும் கஞ்சக் கிழவரின் உதட்டருகே, முத்தமிடுவதற்காகப் பாதிரியார் பொன்முலாம் பூசிய சிலுவையை நீட்டுகிறார். கிழவர் அதைப் பறிக்கக் கையை உயர்த்துகிறார். அந்த முயற்சியிலேயே உயிர் போகிறது. ‘கோரியோ கிழவர்’ நாவலில் அதே மரணக் கட்டில், வேறொரு தகப்பன். இரு பக்கமும் நிற்கும் மாணவர்களின் தலைமுடியைத் தடவிப் பிடித்துக்கொண்டு, வராத மகள்கள் வந்துவிட்டதாக நினைத்து ‘என் தேவதைகளே’ என்கிறார். இரண்டும் பற்றும் கைகள்தாம். எதைப் பற்றின என்பதில் இரண்டு வாழ்க்கைகளும் அடங்கிவிடுகின்றன.

இனி உங்கள் கதைகள். அறவே தவிர்ப்பது சரியல்ல. தவிர்க்க வேண்டியது, உணர்ச்சியின் பெயரைச் சொல்லிவிட்டு அதற்கு ஒட்டுப்போடும் கையசைவை. ‘கவலையில் கையைப் பிசைந்தாள்’ என்பதில் கவலை முன்பே வந்துவிட்டது, கைக்கு வேலை இல்லை. அதே வரியை உங்கள் கதையின் இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றிப் பாருங்கள். அப்படியே பொருந்தினால் அடித்துவிடுங்கள். கத்தரீனின் கையை வேறு எவருக்கும் மாட்ட முடியாது.

எழுதும்போது நான்கு விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். தொடுவதற்கு முன் அந்தக் கை என்ன செய்துகொண்டிருந்தது? யார் பார்த்துவிடக்கூடும்? எதிர்க் கை எவ்வளவு நேரம், எத்தனை முறை விலகப் பார்த்தது? விட்ட பிறகு எங்கே போயிற்று? நான்கையும் எழுத வேண்டும் என்பதில்லை, இரண்டு போதும். உணர்ச்சியின் பெயரைச் சொல்லியே தீர வேண்டுமென்றால், கை காட்டுவதோடு பொருந்தாத ஒன்றைச் சொல்லுங்கள், ஸ்டெந்தால் செய்ததுபோல. அந்த வரியை எழுதியபின் அதற்கு விளக்கமாக இன்னொரு வாக்கியம் சேர்க்கக் கை துறுதுறுக்கும். அதை எழுதாதீர்கள்.