மருத்துவ வகுப்பில் சினிமா: கேள்வி பதில்

எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு மருத்துவ அறத்தையும் நோயாளியிடம் பேசும் முறையையும் திரைப்படம் வழியாகச் சொல்லித் தருவது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

உடலியல் உதவிப் பேராசிரியர்: 2019 முதல் ‘ஏட்காம்’ (AETCOM: மனப்பான்மை, அறம், நோயாளியிடம் பேசும் முறை) பாடம் வந்துவிட்டது. எனக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம். முழுப் படத்தை எப்படிப் போடுவது?

முழுப் படமே வேண்டாம் சார். ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ‘இகிரு’ (1952) படத்தில் ஒரு சின்னக் காட்சி போதும். வதனாபே என்ற அரசு அலுவலர் மருத்துவமனையில் காத்திருக்கிறார். பக்கத்தில் இருப்பவர், “லேசான அல்சர், ஆபரேஷன் தேவையில்லை, பிடித்ததைச் சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்னால் அது புற்றுநோய்தான்” என்கிறார். உள்ளே போனால் டாக்டர் அதையே சொல்கிறார். வதனாபேயின் கோட்டு நழுவி விழுகிறது. அங்கே நிறுத்திவிட்டு, “டாக்டர் யாருக்காகப் பொய் சொன்னார்?” என்று கேளுங்கள். “நோயாளி பயந்துவிடுவார்” என்றுதான் முதலில் சொல்வார்கள். நீங்கள் பேசாமல் இருங்கள். “டாக்டருக்கும் பயம்தான்” என்று யாராவது சொல்லும்போதுதான் வகுப்பு சூடு பிடிக்கும். “அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்” என்று நம் வார்டு வாசலில் கெஞ்சும் மகன்வரை பேச்சு தானாக வந்து சேரும்.

அறுவைத் துறை மருத்துவர்: வார்டுக்குப் போகத் தொடங்கிவிட்ட மாணவர்களுக்கு?

‘விட்’ (Wit, 2001) என்ற ஆங்கிலப் படம். சினைப்பைப் புற்றுநோயில் கிடக்கும் பேராசிரியையாக எம்மா தாம்சன். இளம் டாக்டர் பரிசோதனைக்காக அவரைக் கால் விரித்துப் படுக்க வைத்துவிட்டு, துணைக்கு நர்ஸைத் தேடிப் போய்விடுவார். தனியாகக் கிடக்கும் அந்த முகத்தை மாணவர்கள் பார்க்கட்டும். அப்புறம், நர்ஸ் சூஸி குச்சி ஐஸைப் பகிர்ந்தபடி, “இதயம் நின்றால் உயிர்ப்பிக்க முயல வேண்டுமா?” என்று விசாரிக்கும் காட்சி. ஒப்புதல் பெறுவதற்கு இதைவிட நல்ல பாடம் நான் பார்த்ததில்லை.

முதுநிலை மாணவி: தமிழில் ஏதாவது?

ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962). ஒரு காலத்தில் தான் காதலித்த பெண்ணின் கணவருக்கு டாக்டரே அறுவை செய்கிறார். அவர் அந்தப் பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்திருக்க வேண்டாமா? இதை வைத்து நன்றாக விவாதிக்கலாம் அம்மா. கணவர் பிழைக்கிறார், டாக்டர் இறந்துபோகிறார். படமாக எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் தன்னையே அழித்துக்கொள்பவர்தான் நல்ல மருத்துவர் என்று, தூக்கமில்லாமல் டியூட்டி பார்க்கும் உங்களிடம் சொல்ல மாட்டேன்.

முதலாண்டு மாணவர்: சமீபத்தில் அம்மாவைப் புற்றுநோயில் இழந்தேன். இந்த வகுப்பில் உட்கார முடியவில்லை.

வெளியே போய்விடுங்கள் தம்பி, காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆசிரியர்களே, என்ன காட்சி என்பதை முந்தைய நாளே சொல்லிவிடுங்கள்.

துறைத் தலைவர்: இதற்கு மதிப்பெண் எப்படிப் போடுவது?

உருக்கத்துக்கு மதிப்பெண் போட்டால் பொய்யாக உருகுவார்கள். “அந்த டாக்டரின் இடத்தில் நீங்கள் முதலில் சொல்லும் வாக்கியம் எது?” என்று அரைப்பக்கம் எழுதச் சொல்லுங்கள். அதை மதிப்பிடலாம்.

ஓய்வுபெற்ற மருத்துவர்: படம் பார்த்தால் கருணை வந்துவிடுமா?

வராது ஐயா. மறுநாள் ரவுண்ட்ஸில் நோயாளியின் பெயரைக் கேட்காமல், “மூணாம் பெட்” என்று நாமே கூப்பிட்டால் மாணவர்கள் அதைத்தான் கற்றுக்கொள்வார்கள். அதனால்தான் படம் போடும் வகுப்புக்கு சீனியர்களும் வந்து உட்கார வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.