வீட்டை அடகு வைக்காதீர்கள், அவள் கடற்பாசி படிக்கட்டும்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகளுக்கு மெட்ரிக், பள்ளியின் கடைசி வருடம். டர்பனில் மருத்துவத்துக்கு இடம் கிடைப்பது கடினம் என்று தெரிந்ததும் பெரியப்பா ஒரு ஏஜென்டைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வெளிநாட்டுக் கல்லூரி, ஆறு வருடப் படிப்பு. சாட்ஸ்வொர்த் வீட்டின் மேல் இரண்டாவது பாண்ட், அதாவது அடகுக் கடன், எடுக்க உங்கள் வீட்டுக்காரர் பாங்கில் பேசியும் விட்டார். மகள் சாப்பாட்டு மேசையில் வாய் திறப்பதில்லை, உங்களுக்குத் தூக்கம் இல்லை. கவலை புரிகிறது. ஆனால் ஆறுதல் சொல்லி நாளைக் கடத்த எனக்கு மனமில்லை. அந்த பாண்ட் எடுக்காதீர்கள்.

வெளிநாட்டில் மருத்துவம் முடித்தவர் இங்கே தென்னாப்பிரிக்காவுக்கு வந்ததும் வேலையில் சேர்ந்துவிட முடியாது. சுகாதாரத் தொழில் மன்றத்தின் தேர்வு இருக்கிறது. அப்புறம் பயிற்சி மருத்துவராக இரண்டு வருடம், சமூக சேவை ஒரு வருடம். அரசு இடம் காலியாகும் வரை காத்திருக்கவும் வேண்டும். அத்தனை நாளும் வட்டி ஓடும். பிள்ளைக்கு அதில்தான் ஆசை என்றால் அந்தச் சுமையைத் தாங்கலாம். உங்கள் கடிதத்தில் எங்கு தேடியும் அவள் டாக்டராக ஆசைப்பட்டதாக ஒரு வரி இல்லை.

இருப்பது வேறு ஒன்று. மத்தி மீன் கூட்டம் கூட்டமாகக் கரையோரம் வரும் மத்தி ஓட்டம் வந்தால் தாத்தாவோடு கரைக்கு ஓடுவாள், எல்லாரும் மீனைப் பார்க்க இவள் வலையில் சிக்கிய பாசியைப் பிரித்து பாட்டிலில் போட்டுக்கொண்டு வருவாள் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியம்.

அக்கவுன்டன்சி, ஃபார்மசி, ஆசிரியர் வேலை பற்றியெல்லாம் உங்கள் சொந்தக்காரர்களே சொல்லியிருப்பார்கள். நான் கடற்பாசியைப் பற்றிச் சொல்கிறேன்.

சைனா கிராஸ் வாங்கி இனிப்பு செய்திருப்பீர்கள். அந்த அகர் கடற்பாசியிலிருந்து வருவதுதான். ஈஸ்டர்ன் கேப் பாறைகளில் ஜெலிடியம் பாசியைக் கையால் பறித்துக் காயவைத்து, அகர் எடுப்பதற்காக ஏற்றுமதி செய்கிறார்கள். நம் பக்கத்துக் கடல் வெதுவெதுப்பானது, இங்கே கெல்ப் என்ற பெரிய பழுப்புக் கடற்பாசியின் காடு கிடையாது. மேற்குக் கரையின் குளிர்ந்த நீரில் எக்லோனியா மாக்சிமா என்ற கெல்ப் பத்து மீட்டருக்கும் மேலே மரம்போல நிற்கும். சூடாக்காமல், ரசாயனம் சேர்க்காமல், அழுத்தத்தை மாற்றியே அதன் செல்களை உடைத்துச் சாறு எடுக்கிறார்கள். கெல்பாக் என்ற பெயரில் விற்கும் அந்தச் சாற்றைப் பயிருக்குக் கொடுத்தால் வேர் நன்றாகப் பிடிக்கும். தாவர ஹார்மோன்களில் வேரைத் தூண்டும் ஆக்சின் அதில் அதிகம், சைட்டோகைனின் குறைவு.

கடற்பாசிச் சாறு பயிருக்குள் என்ன செய்கிறது என்று பல வருடம் ஆராய்ந்த இடங்களில் ஒன்று, கடலே இல்லாத பீட்டர்மாரிட்ஸ்பர்க். அங்கே குவாசுலு-நாட்டால் பல்கலைக்கழகத்தின் தாவர வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தில் பேராசிரியர் யோகன்னஸ் வான் ஸ்டாடனும் அவருடைய மாணவர்களும் செய்த வேலை அது. உங்கள் வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரம். ஏஜென்ட் காட்டிய ஊருக்கு விமானத்திலேயே எத்தனை மணி நேரம் என்று கேட்டுப் பாருங்கள்.

வளர்ப்புப் பக்கம் இன்னும் சுவையானது. கேப் பக்கம் பெர்லெமூன் என்று சொல்லும் அபலோன் என்ற கடல் நத்தையைத் தொட்டிகளில் வளர்க்கிறார்கள். அந்தத் தொட்டியை விட்டு வரும் நீரில் கழிவின் அம்மோனியா கலந்திருக்கும். அதை நீளமான வாய்க்கால்களில் விட்டு, துடுப்புச் சக்கரத்தால் சுற்றவிட்டு, உல்வா என்ற பச்சைப் பாசியை வளர்க்கிறார்கள். பாசி அம்மோனியாவை உறிஞ்சிக்கொள்கிறது. தெளிந்த நீரில் ஒரு பகுதி திரும்பத் தொட்டிக்கே போகிறது. வளர்ந்த பாசி அபலோனுக்குத் தீனி. கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ஜான் போல்டன் போன்றவர்களும் அரசின் கடற்பாசி ஆய்வுப் பிரிவும் பண்ணைகளோடு கைகோத்து இந்த முறையை ஆராய்ந்திருக்கிறார்கள்.

இந்த மாதிரி இடத்தில் அவள் என்ன செய்வாள்? காலையில் வாய்க்கால் நீரின் அம்மோனியாவையும் உப்பையும் அளப்பாள். பாசியை எடை போட்டு வாரத்துக்கு எவ்வளவு வளர்ந்தது என்று கணக்கெடுப்பாள். எத்தனை டிகிரியில் காயவைத்தால் புரதம் கெடாது, கன உலோகம் ஏறியிருக்கிறதா, ஒரு தொகுதிச் சாறு அடுத்த தொகுதியைப் போலவே இருக்கிறதா என்று சோதிப்பாள். பாதி உயிரியல், பாதி வேதியியல். அதனால் வேதியியலை அவள் எக்காரணம் கொண்டும் விடக்கூடாது.

இதற்கு அவசரத் தேவையும் இருக்கிறது. மேற்குக் கரையின் சல்டானா விரிகுடாவில் கரை ஒதுங்கும் கிராசிலாரியா பாசியை நம்பி ஒரு தொழிலே நடந்தது. 1970களில் துறைமுகம் கட்டியதும் அந்த வரத்து சரிந்தது. கடல் தானாகக் கொடுப்பதை மட்டும் நம்பி இருக்க முடியாது என்பதால்தான் வளர்க்கக் கற்றவர்கள் வேண்டும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். வேலை இடங்கள் குறைவு, பெரும்பாலும் கேப் கரையில்தான். அவள் டர்பனை விட்டுப் போக வேண்டி வரலாம். தொடக்கச் சம்பளம் டாக்டருக்கு ஈடாகாது. ஆனால் பாசியில் கற்ற பிரித்தெடுப்பும் தரச் சோதனையும் உணவு, உரம், தீவனத் தொழிற்சாலைகளிலும் செல்லும்.

செலவுக் கணக்கில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். குவாசுலு-நாட்டால் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. மூன்று வருடம், ஹானர்ஸ் ஒரு வருடம், எம்.எஸ்சி. இரண்டு. அதுவும் ஆறு வருடம்தான், வீடு உங்கள் பெயரில் பத்திரமாக இருக்கும். குடும்ப வருமானம் வருடத்துக்கு 3,50,000 ராண்டுக்குள் என்றால் முதல் பட்டத்துக்கு அரசு மாணவர் நிதியான என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். உண்டு. ஹானர்ஸிலிருந்து தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் உதவித்தொகைக்குப் போட்டியிடலாம். பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான சி.ஏ.ஓ. விண்ணப்பத்தை இந்த மாதமே போடச் சொல்லுங்கள், தள்ளிப் போடாதீர்கள்.

"பாசி பொறுக்கவா படிக்க வைக்கிறீர்கள்?" என்று பெரியப்பா கேட்டால், பாண்ட் தவணையில் பாதியை அவர் கட்டுவாரா என்று கேளுங்கள். மரியாதையாகவே கேளுங்கள்.

ஜூலை விடுமுறையில் ஒரு நாள், கடல் வற்றும் நேரம் பார்த்து மகளோடு இசிப்பிங்கோ பாறைகளுக்குப் போங்கள். அவள் காட்டுவதைப் பாருங்கள், நீங்கள் பேச வேண்டாம். அடுத்த சனிக்கிழமை மூன்று பேரும் என்னிடம் வாருங்கள். பாங்க் கொடுத்த தாள்களையும் கொண்டுவாருங்கள், கையெழுத்துப் போடாமல்.