காரைக்குடியில் ஓட்டும் சைக்கிள், ஸ்காட்லாந்து ஏற்றத்துக்கு எந்த கியர்?

கேள்வி: எனக்கு வயது 46, எடை 80 கிலோ. ஊர் கானாடுகாத்தான், கடை காரைக்குடியில். 27.5 அங்குலச் சக்கரம் உள்ள 21 கியர் மவுண்டன் பைக் வைத்திருக்கிறேன். காலையில் பள்ளத்தூர், கோட்டையூர் பக்கம் ஒரு சுற்று. ஞாயிற்றுக்கிழமை கண்மாய்க்கரை மண்பாதை. மச்சான் எடின்பரோவில் இருக்கிறார். செப்டம்பரில் போகும்போது கிளென்ட்ரெஸ் என்ற டிரெயில் சென்டருக்கு அழைத்துப் போகிறாராம். "உன் கியர் அங்கே ஏறாது, முன்னால் பெடல் பக்கம் ஒற்றைப் பல்சக்கரம் போடு" என்கிறார். இங்கே கடையில் கேட்டால் பின்னால் 12 பல்சக்கரம் போட வேண்டும் என்று சைக்கிள் விலையில் பாதிக்கு மேல் சொல்கிறார்கள். மாற்றலாமா? சைக்கிளை இங்கிருந்தே கொண்டு போகலாமா?

பதில்: மாற்ற வேண்டாம், கொண்டு போகவும் வேண்டாம். ஆனால் உங்கள் கியர் அங்கே ஏறாது என்று மச்சான் சொல்வது சரிதான். அதற்குக் காரணம் முன்னால் மூன்று பல்சக்கரம் இருப்பது அல்ல, பின்னால் இருக்கும் பெரிய பல்சக்கரம் போதிய அளவு பெரிதாக இல்லாததுதான்.

முதலில் அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம். டிரெயில் சென்டர் என்பது காட்டுக்குள் மவுண்டன் பைக்குக்காகவே வெட்டி, கல் பரப்பி, திசைப்பலகை வைத்துப் பராமரிக்கும் பாதைகளின் தொகுப்பு. பிரிட்டனில் இது 1990களில் வேல்ஸின் கோயட் அ பிரெனின் காட்டில் தொடங்கிய வழக்கம். கிளென்ட்ரெஸ் எடின்பரோவுக்குத் தெற்கே, பீபிள்ஸ் ஊரை ஒட்டி இருக்கிறது. தெற்கு ஸ்காட்லாந்தின் ஏழு டிரெயில் சென்டர்கள் சேர்ந்த 'செவன் ஸ்டேன்ஸ்' வரிசையில் ஒன்று. 2023 உலக சைக்கிள் சாம்பியன்ஷிப்பின் கிராஸ் கன்ட்ரி பந்தயம் அங்கேதான் நடந்தது. பயப்பட வேண்டாம், அந்தப் பந்தயப் பாதையில் உங்களை யாரும் இறக்கிவிடப் போவதில்லை. பாதைகளைப் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று கடினத்தின் வரிசையில் பிரித்திருப்பார்கள். முதல் நாள் நீலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கியர் தேர்வுக்கு முக்கியமானது அங்கே நேரம் எப்படிப் போகும் என்பது. நல்ல பங்கு நேரம் ஏற்றத்தில் போகும், இறக்கம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். காரைக்குடியில் ஒரு மணி நேரம் ஓட்டினாலும் உயரம் என்று ஒன்றும் ஏற மாட்டீர்கள். கண்மாய்க்கரையில் ஏறுவது நாலு மிதி, அதை எந்த கியரிலும் தம் பிடித்து ஏறிவிடலாம். அங்கே ஏற்றம் இருபது நிமிடம், அரை மணி என்று விடாமல் இருக்கும், தம் பிடிக்கிற வேலை நடக்காது. அதனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உங்கள் ஆகக் குறைந்த கியரில், கால் நிமிடத்துக்கு 60 சுற்று சுற்றும்போது, சைக்கிள் எவ்வளவு மெதுவாகப் போகும்? எவ்வளவு மெதுவாகப் போகிறதோ அவ்வளவு நல்லது.

கணக்கு சுலபம். முன் பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கையைப் பின் பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கையால் வகுத்து, டயரின் சுற்றளவால் பெருக்கினால் பெடல் ஒரு சுற்றுக்கு எத்தனை மீட்டர் நகர்கிறீர்கள் என்று வரும். உங்கள் விலைக்கு வரும் 21 கியர் வண்டிகளில் பெரும்பாலும் முன்னால் 42, 34, 24 பல்லும், பின்னால் 14 முதல் 28 வரையும் இருக்கும். எண் பல்சக்கரத்திலேயே பொறித்திருக்கும். அழிந்திருந்தால் ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டு எண்ணிப் பாருங்கள். 24ஐ 28ஆல் வகுத்தால் 0.857. 27.5 அங்குல மவுண்டன் டயரின் சுற்றளவு சுமார் 2.18 மீட்டர். ஆக ஒரு சுற்றுக்கு 1.87 மீட்டர், நிமிடத்துக்கு 60 சுற்றில் மணிக்கு 6.7 கிலோமீட்டர்.

கேட்க மெதுவாகத்தான் இருக்கிறது. ஆனால் நூறு அடிக்குப் பத்து அடி உயரும் ஏற்றத்தில் உங்கள் 80 கிலோவையும் சைக்கிளின் 15 கிலோவையும் அந்த வேகத்தில் மேலே தள்ள ஏறத்தாழ 208 வாட் வேண்டும். முறையாகப் பயிற்சி செய்யாதவர் அதை அரை மணி நேரம் தாங்குவது கஷ்டம். பின்னால் 28க்குப் பதில் 34 பல் இருந்தால் வேகம் 5.5 கிலோமீட்டருக்கு இறங்கும், தேவை 171 வாட்டாகும். முன்னால் 22, பின்னால் 34 என்றால் 5.1 கிலோமீட்டர், 157 வாட். பின்னால் 28 போய் 34 வந்து ஆறே ஆறு பல் கூடியதில் முப்பத்தேழு வாட் மிச்சம். வழியில் இறங்கித் தள்ளுவதா, உட்கார்ந்தபடியே உச்சிக்குப் போவதா என்பதை இந்த வித்தியாசம்தான் தீர்மானிக்கும்.

மச்சான் சொல்லும் ஒற்றைப் பல்சக்கர அமைப்பையும் இதே தராசில் வைப்போம். அத்தகைய வண்டிகளில் பெரும்பாலும் வருவது 29 அங்குலச் சக்கரம். அதன் சுற்றளவு சுமார் 2.29 மீட்டர். அதாவது பல் எண்ணிக்கை ஒன்றாகவே இருந்தாலும் உங்கள் வண்டியைவிட 5 சதவீதம் கனமான கியர். முன்னால் 32, பின்னால் பெரியது 51 என்றால் 5.2 கிலோமீட்டர், அருமை. ஆனால் அதே ஒற்றைப் பல்சக்கரத்தோடு பின்னால் 46தான் என்றால் 5.7 கிலோமீட்டர். முன்னால் மூன்று பல்சக்கரம் உள்ள உங்கள் பழைய வண்டியில் 34 பல் ஃப்ரீவீல் (பின்சக்கரத்தில் திருகி ஏற்றும் பல்சக்கரத் தொகுதி) போட்டால் வருவதைவிட இது கனம்! முன்னால் ஒன்று, இரண்டு, மூன்று என்பதெல்லாம் அமைப்பு. ஏற்றத்தில் காலுக்குத் தெரிவது கடைசி விகிதம் மட்டும்தான்.

மேல் கியரைப் பற்றி ஒரு வரி போதும்: மறந்துவிடுங்கள். முன்னால் 32, பின்னால் 11 இருந்தாலே உங்கள் சக்கரத்தில் 90 சுற்றுக்கு 34 கிலோமீட்டர் வேகம் வரும். காட்டுப்பாதை இறக்கத்தில் அந்த வேகத்தில் யாரும் மிதிப்பதில்லை, பிரேக்கைத்தான் தேடுவார்கள்.

சரி, உங்கள் சைக்கிளில் என்ன செய்யலாம்? 14-34 ஃப்ரீவீல் ஒன்று வாங்கிப் போடுங்கள். ஏழு கியருக்கே கிடைக்கிறது, ஷிஃப்டரை (கைப்பிடியில் உள்ள கியர் லீவரை) மாற்ற வேண்டியதில்லை, செலவும் குறைவு. வாங்கும் முன், பின் டீரெய்லர் (செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் மாற்றும் கருவி) 34 பல்லைத் தாங்குமா என்று பாருங்கள். மாடல் எண் அதன் உடம்பிலேயே இருக்கும், தயாரிப்பாளர் விவரத்தில் அதிகபட்சப் பல் போட்டிருக்கும். இன்னொரு எண் 'கெப்பாசிட்டி', அதாவது டீரெய்லர் எவ்வளவு தளர்ந்த செயினை இழுத்துப் பிடிக்கும் என்பது. முன்னால் பெரியதுக்கும் சிறியதுக்கும் உள்ள வித்தியாசம் 18, பின்னால் 20, கூட்டினால் 38. டீரெய்லரின் கெப்பாசிட்டி அதற்குக் குறையக் கூடாது. நீளக் கூண்டு (செயினை இழுத்துப் பிடிக்கும் கீழ்ப்பகுதி) உள்ளவை பலவும் 43 வரை தாங்கும்.

செயினை மறக்க வேண்டாம். இதைத்தான் கடைகளில் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். பழைய செயினை அப்படியே மாட்டி, ஒருநாள் தெரியாமல் முன்னால் பெரியது, பின்னால் பெரியது என்று போட்டுவிட்டால் செயின் எட்டாமல் டீரெய்லரை முன்னால் இழுத்து முறித்துவிடும். அளவு பார்க்கும் முறை: செயினை டீரெய்லர் வழியாக விடாமல், முன்னால் 42லும் பின்னால் 34லும் நேராகச் சுற்றுங்கள். முனைகள் சேரும் இடத்துக்கு மேல் இரண்டு கண்ணி கூடுதலாக வைத்து வெட்டுங்கள். எப்படியும் பழைய செயின் தேய்ந்திருக்கும். புது ஃப்ரீவீலுக்குப் புதுச் செயினே போட்டுவிடுவது நல்லது.

கடையில் சொன்ன 12 கியர் மாற்றம் ஏன் வேண்டாம் என்றால், அது பல்சக்கரம் மட்டும் மாற்றுகிற வேலை இல்லை. உங்கள் பின்சக்கர ஹப்பில் (சக்கரத்தின் நடு உருளையில்) ஃப்ரீவீல் மரை போட்டுத் திருகி ஏற்றும் வகை, கேசட் (திருகாமல் செருகி மாட்டும் பல்சக்கரத் தொகுதி) அதில் ஏறாது. ஆக பின்சக்கரமே புதிது வேண்டும். 10 பல்லில் தொடங்கும் கேசட் என்றால் அதற்கென்று தனி வகை ஹப், 11-50 என்றால் வழக்கமான ஷிமானோ ஹப்பிலேயே ஏறும். அப்புறம் டீரெய்லர், ஷிஃப்டர், செயின், முன் பல்சக்கரம். முன்னால் உங்கள் 42, 34, 24 மூன்றும் ரிவெட் அடித்து ஒன்றாக இருந்தால் கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் கை) முழுவதும் மாற்ற வேண்டும். இத்தனையும் செய்து முடித்தால் ஃபோர்க்கும் பிரேக்கும் பழையதாகவே நிற்கும். அந்தப் பணத்தைச் சேர்த்து வைத்து, பின்னால் நல்ல சைக்கிளாகவே வாங்கலாம்.

கிளென்ட்ரெஸுக்கு ஏன் கொண்டு போகக் கூடாது என்பதும் இங்கேதான் வருகிறது. திருகும் ஃப்ரீவீல் உள்ள ஹப்பில் வலப்பக்க பேரிங் உள்ளே தள்ளி இருக்கும். அதற்கு வெளியே அச்சு தாங்கலில்லாமல் நீண்டு நிற்கும். கல்லிலும் வேரிலும் குதித்து இறங்கினால் வளைந்துவிடும், முறியவும் செய்யும். நம் செம்மண் பாதைக்கு அது போதும், அந்த இறக்கத்துக்குப் போதாது. விமானத்தில் சைக்கிள் ஏற்றும் கட்டணம் வேறு.

அந்த வட்டாரத்திலேயே வாடகைக்கு எடுங்கள். முன்கூட்டியே பதிவு செய்யும்போது இரண்டு விஷயம் கேளுங்கள்: பின்னால் பெரிய பல் எத்தனை, முன்னால் எத்தனை? 32க்கு 50 அல்லது 51 என்றால் எடுத்துக்கொள்ளலாம். 30க்கு 51 என்றால் யோசிக்கவே வேண்டாம். பின்னால் 46 என்றால் முன்னால் 30 இருக்கிறதா என்று கேளுங்கள், 5.4 கிலோமீட்டர் வரும், சமாளிக்கலாம். 32க்கு 42 என்றால் வேறு வண்டி கேளுங்கள். மோட்டார் வைத்த இ-பைக்கும் கிடைக்கலாம். அதை எடுத்தால் மச்சான் கேலி செய்வார், மேலே போய்ச் சேர்ந்ததும் நீங்கள் கேலி செய்யலாம்.

வண்டி கைக்கு வந்ததும் இடது கை குழம்பும். முன் கியர் மாற்றும் லீவர் இருக்காது. அந்த இடத்தில் சீட்டை இறக்கி ஏற்றும் டிராப்பர் லீவர் இருக்கலாம். கியர் எல்லாம் வலது கையில்தான், கட்டைவிரலால் அழுத்தினால் லேசான கியர். அந்த வண்டியின் டீரெய்லரில் பெரும்பாலும் கிளட்ச் இருக்கும், கூண்டு முன்னால் ஆடாமல் இறுக்கிப் பிடிக்கும். முன் பல்சக்கரத்தின் பல்லும் ஒன்று தடிப்பு, ஒன்று மெலிவு என்று மாறி மாறி இருக்கும். இந்த இரண்டும் சேர்ந்துதான் மேடுபள்ளத்தில் செயின் கழலாமல் காப்பாற்றுகின்றன. ஒற்றைப் பல்சக்கரத்தின் உண்மையான லாபம் இதுதான். இந்த வசதி இல்லாத உங்கள் சொந்த வண்டியில் கரடுமுரடான இறக்கம் வந்தால் முன்னால் 34, பின்னால் நடுப்பல்லில் வைத்து இறங்குங்கள், செயின் ஓரளவு இழுவையில் இருக்கும்.

ஏற்றத்தில் இன்னொன்று. ஆகக் குறைந்த கியர் இருக்கிறதே என்று எல்லா இடத்திலும் அதைப் போட்டால், ஈரமான வேரிலும் உதிரிக் கல்லிலும் பின்சக்கரம் வெறுமனே சுற்றும், முன்சக்கரம் தூக்கும். செங்குத்தான துண்டுக்கு ஒரு பல் கனமாக வைத்து, உடம்பை முன்னால் சாய்த்து, சீட்டின் நுனியில் உட்காருங்கள். கியரை ஏற்றம் தொடங்குமுன் மாற்றிவிட வேண்டும். பாதி ஏற்றத்தில் முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே மாற்றினால் 'கடக்' என்று ஒரு சத்தம் வரும், அது செயினுக்கு ஆகாது. தவிர்க்க முடியாவிட்டால் அரைச் சுற்று காலைத் தளர்த்தி, பல் ஏறியதும் மீண்டும் அழுத்துங்கள்.

இங்கே பழக ஏற்றம் இல்லையே என்பீர்கள். ஆடிக் காற்று இருக்கிறதே. மேற்கே குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர் என்று எதிர்காற்றில், காலை நிமிடத்துக்கு 60 முதல் 70 சுற்றுக்குள் விடாமல் வைத்துப் போய் வாருங்கள். இடையில் நிற்கக் கூடாது. வறண்ட ஓடை மணலில் ஓட்டிப் பார்த்தால் ரொம்ப லேசான கியரில் சக்கரம் எப்படிப் புதைகிறது என்பது தெரியும், மேலே சொன்ன ஒரு பல் கணக்கு அங்கேயே புரிந்துவிடும். கிளம்புமுன் ஒருமுறையாவது திண்டுக்கல் சிறுமலைக்குப் போங்கள். 18 கொண்டை ஊசி வளைவு, தார்ச்சாலைதான். ஆனால் 34 பல் ஃப்ரீவீலோடு உட்கார்ந்தபடியே மேலே போய்விட்டால், வாடகை வண்டியில் நீலப் பாதையின் ஏற்றத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்.

புதுச் செயின் போட்ட பிறகு நம் ஊர் செம்மண் தூசிக்குக் கெட்டியான எண்ணெய் விடாதீர்கள். தூசி அதில் ஒட்டி உப்புத்தாளாக மாறி, பல்லை அறுத்துவிடும். காய்ந்த பாதைக்கென்று விற்கும் மெல்லிய எண்ணெயை ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டு விட்டு, பத்து நிமிடம் கழித்துப் பழந்துணியால் வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துவிடுங்கள். பழைய ஃப்ரீவீலைக் கழற்ற அதற்கென்று உள்ள ரிமூவர் வேண்டும், சுத்தியலும் உளியும் வைத்துத் தட்டும் கடையில் கொடுக்காதீர்கள்.