பவுன் விலை ஏறியிருக்கிறது, கூலிங் கிளாஸ் வாங்கலாமா?

கேள்வி: பரந்தனில் இருக்கிறேன், புதுக்குடியிருப்பில் வேலை. தினமும் மோட்டார் சைக்கிளில் போய் வருவதால் வெயிலும் புழுதியும் கண்ணைக் கெடுத்துவிடுமோ என்று பயம். கனடாவிலிருந்து வந்த மச்சான், மலிவுக் கண்ணாடி போட்டால் கண் போய்விடும், ரேபான் வாங்கு என்கிறார். விலை 38,000 ரூபாய். என் சம்பளம் 82,000. மனைவியின் சங்கிலியை 150,000க்கு ஈடு வைத்திருந்தோம். போன வருடம் போன் வாங்க அதையே 220,000 ஆக்கினோம். மாதம் ஒன்றரை வீத வட்டி. இப்போது பவுன் விலை கூடியதால் இன்னும் 40,000 தருவார்களாம். அதை எடுக்கவா, கடைக்காரர் சொல்லும் வட்டியில்லாத் தவணையில் வாங்கவா?

பதில்: தம்பி, உங்கள் பயம் நியாயமானது. காலையில் கிழக்கே போகிறீர்கள், மாலையில் மேற்கே திரும்புகிறீர்கள். இரண்டு நேரமும் வெயில் முகத்தில்தான். சோளகம் வீசும் நாட்களில் அந்த வீதியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வயலிலும் கடலிலும் நிற்பவர்களுக்குக் கண்ணில் சதை வளர்வதற்கு வெயிலின் புறஊதாக் கதிர் ஒரு முக்கிய காரணம்.

மச்சான் சொன்னதில் பாதி சரி. புறஊதாக் கதிரைத் தடுக்காத கறுப்புக் கண்ணாடி, போடாமல் இருப்பதைவிட மோசமாகலாம். இருட்டென்று நினைத்துக் கண்மணி விரியும், கதிர் இன்னும் உள்ளே போகும். ஆனால் அந்தத் தடுப்புக்கும் 38,000க்கும் சம்பந்தமில்லை. 'யு.வி. 400' என்றால் 400 நனோமீற்றர் வரையுள்ள கதிர்களைத் தடுக்கும் என்று பொருள். பொலிகாபனேற் என்ற பிளாஸ்ரிக்கில் செய்த வில்லை அதை இயல்பாகவே ஏறக்குறைய முழுதும் தடுத்துவிடும். தெருவோரத்து ஸ்ரிக்கரை மட்டும் நம்பாதீர்கள். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கதிர் அளக்கும் கருவி உள்ள கண்ணாடிக் கடையில் சோதித்து, பக்கவாட்டையும் மூடுகிற வடிவில் ஒன்று எடுங்கள். நாலாயிரம் ரூபாய்க்குள் பாருங்கள், போதும்.

போலரைஸ்ட் என்பார்கள். அது ஈர வீதியிலும் தண்ணீரிலும் தெறிக்கும் கூச்சத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். சில போன் திரைகள் அதற்குள்ளால் இருட்டாகத் தெரியும். நீல ஒளியைத் தடுக்கும் 'புளூ கட்' என்று பேச்சை எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். ரேபானும் ஓக்லியும் ஒரே கம்பனியின் சொத்து. பிராடா, சனெல் பெயர்களில் வரும் கண்ணாடிகளையும் அதே கம்பனிதான் செய்கிறது. நல்ல பொருள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் விலையில் பெரிய பங்கு பெயருக்கு.

சரி, கண்ணாடியை விடுவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது சங்கிலி.

220,000க்கு ஒன்றரை வீதம் என்றால் மாதம் 3,300. வருடத்துக்கு 39,600. அதாவது நீங்கள் ஏற்கெனவே வருடத்துக்கு ஒரு ரேபான் வாங்கி அடகுக்கடைக்காரருக்குப் போட்டுவிட்டுக்கொண்டிருக்கிறீர்கள்! இன்னும் 40,000 எடுத்தால் மாதம் 600 கூடும். இரண்டு வருடம் அப்படியே கிடந்தால் வட்டி மட்டும் 14,400. கிடக்காது என்று சொல்லாதீர்கள், முதல் ஒன்றரை இலட்சமே இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

பவுன் விலை ஏறும்போது வீட்டுக்குக் காசு வந்ததுபோல் ஒரு எண்ணம் வருகிறது. வன்னியில் பல வீடுகளில் இதைப் பார்க்கிறேன். விலை ஏறியதால் உங்கள் கடன் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை, இன்னும் கடன்படலாம் என்ற இடம்தான் கூடியிருக்கிறது. சங்கிலியும் உங்களுடையதல்ல, மனைவியுடையது. அவரிடம் கேட்டீர்களா என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

வட்டியில்லாத் தவணையா? ஒரு தவணை பிந்தினால் அபராதம் போடுவார்கள். மாதம் 3,300 வட்டி கட்டுகிறவருக்கு அந்த விளையாட்டு வேண்டாம்.

இந்த மாதச் சம்பளத்தில் நாலாயிரத்துக்குக் கண்ணாடியை வாங்குங்கள். அடுத்த மாதம் ஈடு வைத்த இடத்துக்குப் போய், பகுதி பகுதியாக முதலைக் கட்ட விடுவார்களா என்று கேளுங்கள். விட்டால் வட்டியோடு சேர்த்து மாதம் 10,000 கட்டினால் சுமார் 27 மாதத்தில் சங்கிலி வீட்டுக்கு வரும். காலபோக அறுவடைக்குப் பிறகு நெல்லுக் காசு ஏதும் கைக்கு வந்தால் அதையும் அங்கேயே போடுங்கள், இன்னும் முந்தும்.

அதற்குப் பிறகும் ரேபான் ஆசை இருந்தால் மச்சான் அடுத்த முறை வரும்போது கொண்டுவரட்டும். ஆரம்பித்து வைத்தவர் அவர்தானே.