மின்புலத்தால் நூற்ற நனோ இழைகள் தேய்ந்த முழங்காலை மீட்குமா?

நனோ இழைச் சாரங்களில், அதாவது கலங்கள் பற்றி வளர்வதற்கான மிக நுண்ணிய இழைத் தாங்கிகளில், என்பும் கசியிழையமும் (மூட்டில் என்பு முனைகளை மூடும் குருத்தெலும்பும்) உண்மையில் வளருமா, உங்கள் அம்மாவின் முழங்கால் தேய்வுக்கு அவை இப்போது உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆய்வுகூடத்தில் வளர்கின்றன, ஆனால் அம்மாவின் முழங்காலுக்கு இன்று அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். கொழும்பில் இத்தகைய இழைகளை நூற்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் காரணத்தை விளக்குகிறேன்.

பொலிகப்ரோலக்டோன் (உடலில் மெல்லச் சிதையும் ஒருவகைப் பிளாஸ்திக்கு) போன்ற பல்பகுதியக் கரைசலை ஊசிமுனை வழியே மெல்லத் தள்ளி, பெரும்பாலும் 10 முதல் 30 கிலோவோல்ற்று வரை மின்னழுத்தம் கொடுத்தால், முனையிலுள்ள துளி கூம்பாகி, அதிலிருந்து பாயும் தாரை சுழன்று நீண்டு, கரைப்பான் ஆவியாக, சில நூறு நனோமீற்றர் தடிப்புள்ள இழையாகத் தகட்டில் படிகிறது. காற்றின் ஈரப்பதன் இழையின் வடிவத்தையே மாற்றிவிடும் என்பதால், கொழும்பில் மூடிய, ஈரம் அகற்றிய பெட்டிக்குள் நூற்பதே நல்லது.

உடலின் இழையங்களைத் தாங்கும் கொலாஜன் என்ற புரதத்தின் நார்களும் ஏறத்தாழ இதே தடிப்புடையவை. ஆகவே கலங்கள் இவ்விழைகளில் நன்றாக ஒட்டிப் பெருகுகின்றன. சிக்கலும் அந்த மெல்லிய தன்மையிலிருந்தே பிறக்கிறது. இழை மெலிய மெலிய இழைகளுக்கிடையிலான துளையும் சில மைக்குரோமீற்றர் அளவுக்குச் சுருங்க, 10 முதல் 20 மைக்குரோமீற்றர் அகலமுள்ள கலம் உள்ளே புகமுடியாமல் மேற்பரப்பிலேயே விரிப்புப் போலப் பரவிவிடுகிறது. என்புக்குக் குருதிக்குழாய்களும் உள்ளே வளரவேண்டும். அதற்கு 100 மைக்குரோமீற்றருக்குக் குறையாத துளைகள் விரும்பப்படுகின்றன. நீரில் கரைந்துபோகும் இழைகளைக் கலந்து நூற்றுப் பின்னர் கழுவி அகற்றலாம். துளை பெருகும், ஆனால் சாரம் வலுவிழக்கும். என்பிலுள்ள கனியுப்பை ஒத்த ஐதரொட்சி அபற்றைற்றுத் துணிக்கைகளைச் சேர்த்தால் என்புக் கலங்களுக்குச் சாதகமான மேற்பரப்புக் கிடைக்கும் என்றாலும், அதனால் துளை பெரிதாவதில்லை.

கசியிழையத்தில் குருதிக்குழாய்கள் இல்லை. அங்கே கடினமானது அடுக்கமைப்பு: மேற்பரப்பில் கிடையாக ஓடும் கொலாஜன் நார்கள் ஆழத்தில் செங்குத்தாக நிற்கின்றன; தட்டையாகப் படியும் இழைவிரிப்பு முதலாவதை மட்டுமே ஒத்திருக்கிறது.

அத்துடன், மூட்டுத் தேய்வு ஒட்டுப்போட்டு அடைக்கும் குழியன்று. கசியிழையத்தின் கீழுள்ள என்பும் மூட்டின் உள்உறையும் சேர்ந்தே பாதிக்கப்படுகின்றன. அழற்சியுள்ள அந்த மூட்டுக்குள் வைக்கும் புதிய இழையமும் அதே சூழலில்தான் பிழைக்கவேண்டும். எனவே தொடைத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி, தேவையானால் எடைக் குறைப்பு, வலி மிகுந்தால் மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை ஆகியவை பற்றி இப்போதே என்புமுறிவு மருத்துவ நிபுணரிடம் கேளுங்கள். இத்துறையில் புதிய செய்தி வரும்போது, பரிசோதனை மனிதரிலா விலங்கிலா நடந்தது என்பதையும், கலங்கள் சாரத்தினுள் எவ்வளவு ஆழம் சென்றன என்பதையும் முதலில் பாருங்கள்.